ஸ்லீவ் அறுவை: தேதி குறிக்கும் முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

எடைக் குறைப்புக்காக இன்று உலகில் அதிகம் செய்யப்படும் அறுவை ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி வெளியே எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சட்டைக்கை மாதிரி ஒல்லியான குழாயாக விட்டுவிடுவார்கள். பெயரே அதிலிருந்து வந்ததுதான். வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது என்பதால், இதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே படித்துவிடுவது நல்லது. மேசையில் நடப்பதை சர்ஜன் பார்த்துக்கொள்வார். வீட்டுக்கு வந்தபின் கெடுவதெல்லாம் அடுப்படியிலும் மாத்திரை டப்பாவிலும் கெடுவது.

உங்கள் மருத்துவமனை கொடுக்கும் உணவுத்தாள் இங்கே சொல்வதிலிருந்து சில நாள் முன்பின் இருக்கலாம். அப்படியிருந்தால் அந்தத் தாள்படியே போங்கள்.

முதலில் கணக்கு

எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் எடுத்த உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ., அதாவது உடல் நிறைக் குறியீடு. 160 செ.மீ. உயரமும் 105 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு 105-ஐ 1.6-ஆல் இரண்டு முறை வகுத்தால் 41. எடைக் குறைப்பு அறுவைக்கான அமெரிக்கச் சங்கமும் சர்வதேசச் சங்கமும் சேர்ந்து 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 35-க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவையைப் பரிந்துரைக்கலாம். 30 முதல் 35 வரை சர்க்கரை போன்ற வளர்சிதை நோய் இருந்தால் யோசிக்கலாம். ஆசியர்களுக்கு நோய்கள் குறைந்த எடையிலேயே வந்துவிடுவதால் 27.5 என்று ஒரு தாழ்ந்த கோடும் உண்டு.

ஆனால் காப்பீட்டுக்காரர்கள் பார்க்கும் கோடு வேறு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது விதிப்படி, வயது 18 நிறைந்திருக்க வேண்டும். பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் வேண்டும். 35-க்கு மேல் என்றால், எடைக் குறைப்புக்கான மற்ற முயற்சிகள் பலிக்காத நிலையில், கட்டுக்குள் வராத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல், இதயக் குழாய் நோய், பருமனால் வந்த இதயத்தசை நோய் இவற்றில் ஒன்று சேர்ந்திருக்க வேண்டும். மருத்துவர் ‘செய்யலாம்’ என்று சொன்னதாலேயே பணம் வந்துவிடாது. முன்பு செய்த டயட் முயற்சி, தூக்கப் பரிசோதனை, மூன்று மாதச் சர்க்கரை எல்லாவற்றுக்கும் தாள் சேர்த்து வைத்து, அட்மிஷனுக்கு முன்பே ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். பாலிசியின் காத்திருப்புக் காலத்தையும் பாருங்கள்.

எவ்வளவு குறையும்? ஒன்றரை இரண்டு வருஷத்தில் மொத்த எடையில் கால் பங்கிலிருந்து 30 சதவீதம் வரை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 105 கிலோக்காரர் 73-க்கும் 79-க்கும் இடையில் வந்து நிற்பார். கல்யாண ஆல்பத்தில் இருக்கும் 58 கிலோ திரும்பாது. யாராவது திரும்பும் என்று சொன்னால் வேறு சர்ஜனைப் பாருங்கள்.

சர்ஜனிடம் கேட்க வேண்டியவை

பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளில் எம்.எஸ். பொது அறுவை அடிப்படை. அதற்கு மேல் குடல்-இரைப்பை அறுவையில் எம்.சி.எச். அல்லது டி.ஆர்.என்.பி. என்ற உயர்சிறப்புப் பட்டம், அல்லது சிறுதுளை அறுவையில் தேசிய வாரியத்தின் முழுநேர ஃபெல்லோஷிப் இருந்தால் நல்லது. மற்ற எழுத்துகளில் சில நாள் பயிற்சிக்குக் கிடைப்பவையும் உண்டு. ‘இது எத்தனை மாதப் பயிற்சி டாக்டர்?’ என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

எத்தனை கேஸ் செய்திருக்கிறார் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேளுங்கள், நூறைத் தாண்டியிருக்கட்டும். ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி: ‘ஐந்தாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குத் தையல் கசிந்தால் என்ன செய்வீர்கள்?’ அதே கட்டடத்தில் ஐ.சி.யு. இருக்கிறதா, ராத்திரி சி.டி. எடுக்க ஆள் இருக்கிறாரா, எண்டோஸ்கோபியில் கசிவை உள்ளிருந்து மூடும் ஸ்டென்ட் குழாய் வைக்கத் தெரிந்தவர் வருவாரா, யாருடைய போனுக்கு அடிக்க வேண்டும் என்று தடுமாறாமல் பதில் வர வேண்டும். ‘நம்மகிட்ட அதெல்லாம் வராது சார்’ என்பது பதில் அல்ல. கசிவு நூற்றில் ஒருவருக்கு என்ற கணக்கில் எந்தக் கைராசிக்காரருக்கும் வரக்கூடியதுதான். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் எடைக் குறைப்பு அறுவைக்குப் போன இளைஞர் ஒருவர் இறந்து, அந்த மருத்துவமனையின் பதிவை அரசு தற்காலிகமாக நிறுத்திய செய்தி பலருக்கு நினைவிருக்கும். பேக்கேஜ் விலை மலிவாக இருந்தால் ஐ.சி.யு.வை நேரில் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது, ‘எனக்கு ஏன் ஸ்லீவ், ஏன் பைபாஸ் இல்லை?’ இங்கே பைபாஸ் என்பது இதயத்தில் செய்வது அல்ல, இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாக்கிச் சிறுகுடலோடு நேராக இணைப்பது. நெஞ்செரிச்சல் கடுமையாக இருப்பவருக்கு ஸ்லீவ் செய்தால் எரிச்சல் கூடும். குழாயாகிவிட்ட இரைப்பையில் அழுத்தம் அதிகம், அமிலம் மேலேதான் ஏறும். அவர்களுக்கு பைபாஸ் பொருத்தம். இதைத் தெரிந்துகொள்ள அறுவைக்கு முன் எண்டோஸ்கோபி எடுத்திருக்க வேண்டும். அதிலேயே எச். பைலோரி கிருமி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இரண்டு வார மருந்தில் ஒழித்துவிட்டு வரலாம். ஸ்லீவ் மட்டுமே செய்யத் தெரிந்தவர் எல்லோருக்கும் ஸ்லீவ்தான் சொல்வார்.

இரைப்பையைப் பின் அடித்து வெட்டும் கருவி ஸ்டேப்ளர், அதில் போடும் பின் தொகுதி கார்ட்ரிட்ஜ். பேக்கேஜில் கார்ட்ரிட்ஜ் எத்தனை அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். 60 மி.மீ. கார்ட்ரிட்ஜ் சாதாரணமாக ஐந்தாறு ஆகும். பில் எகிறுவது பெரும்பாலும் அங்கேதான்.

கல்லீரலைச் சுருக்கும் இரண்டு வாரம்

பருமனானவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து வீங்கியிருக்கும். அதன் இடது மடல், உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தின் மேல் கூரை மாதிரி கவிந்திருக்கிறது. சர்ஜன் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வேலை செய்ய வேண்டும். வீங்கிய கல்லீரல் தூக்கினால் கிழிந்து ரத்தம் கசியும், இரைப்பையின் மேல்மூலையும் கண்ணுக்குத் தெரியாது. அறுவைக்கு முன் இரண்டு வாரம் மாவுச்சத்தைக் குறைத்து நாளைக்கு 800 முதல் 1000 கலோரியில் இருந்தால் கல்லீரல் சேமித்த சர்க்கரையும் அதோடு நீரும் கொழுப்பும் வடிந்து நன்றாகவே சுருங்கும்.

சமையலறையில் இதற்கு அர்த்தம், அரிசி, கோதுமை, ரவை, கிழங்கு, சர்க்கரை நிறுத்தம். காலையில் ஆடை நீக்கிய பால் 200 மி.லி.யில் ஒரு ஸ்கூப் புரதப் பவுடர், இல்லாவிட்டால் இரண்டு அவித்த முட்டை. பதினொரு மணிக்கு நீர்மோர். மதியம் சுரைக்காயோ புடலங்காயோ கூட்டு ஒரு கிண்ணம், கூடவே 100 கிராம் மீன் அல்லது கோழி. சைவமானால் பனீர் 75 கிராம். சாயங்காலம் சின்னக் கிண்ணம் சுண்டல். ராத்திரி காய்கறி சூப், ஒரு முட்டை அல்லது கெட்டிப் பருப்பு. ‘சோறு இல்லாம எப்படி?’ என்று வீட்டில் கேட்பார்கள். மூன்றாம் நாள் தலைவலி வரும், ஐந்தாம் நாள் போய்விடும்.

இந்த இரண்டு வாரத்தைக் கெடுப்பது ‘இனிமே சாப்பிட முடியாதே’ என்று நடக்கும் கடைசி பிரியாணி விருந்துகள். மூன்று நாள் விருந்து பத்து நாள் பட்டினியை அழித்துவிடும்.

மருந்துப் பட்டியலை மயக்க மருந்து நிபுணரிடம் முழுதாகக் காட்டுங்கள். இன்சுலினும் கிளிமிபிரைடு வகை மாத்திரைகளும் பழைய அளவிலேயே ஓடினால் இந்தச் சாப்பாட்டுக்குச் சர்க்கரை தாழ்ந்துவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளைக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் மீட்டரில் சர்க்கரை சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகும். வாராந்திர எடைக் குறைப்பு ஊசி போடுபவர்கள் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், அந்த ஊசியால் இரைப்பை காலியாக நேரம் எடுக்கும். சிகரெட் ஆறு வாரம் முன்பே நிற்க வேண்டும். மூச்சுத்திணறலுக்கு இரவில் மெஷின் வைப்பவர்கள் அதைப் பையில் எடுத்துப் போக வேண்டும்.

வீட்டில் வாங்கி வைக்க வேண்டியவை: 30 மி.லி. கோடு போட்ட கோப்பை நாலு, கிராம் காட்டும் தராசு, நன்றாக அரைக்கும் மிக்ஸி ஜார், மெல்லும் வகை வைட்டமின். வந்தபின் வாங்கிக்கொள்ளலாம் என்றால் முதல் வாரம் யாருக்கும் கடைக்குப் போகத் தெம்பு இருக்காது.

மேசையில் என்ன நடக்கிறது

வயிற்றில் ஐந்து துளைகள், 5 முதல் 15 மி.மீ. வரை. கார்பன் டை ஆக்சைடை 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் செலுத்தி வயிற்றைக் கூடாரம் போல உப்ப வைப்பார்கள். கல்லீரலை ஒரு வளைகம்பி தூக்கிப் பிடிக்கும். இரைப்பையின் வெளி வளைவில் ஒட்டியிருக்கும் கொழுப்புத் திரையை, அதன் ரத்தக்குழாய்களைச் சுட்டு அடைத்தபடியே கீழிருந்து மேல் பிரித்துக்கொண்டே போவார்கள். மயக்க மருந்து நிபுணர் வாய்வழியாக 36 முதல் 40 பிரெஞ்சு அளவுள்ள ரப்பர் குழாயை இறக்குவார், அதாவது 12, 13 மி.மீ. தடிமன். அதை அச்சாக வைத்து, இரைப்பை முடியும் வாயிலிலிருந்து நாலைந்து செ.மீ. தள்ளி ஸ்டேப்ளர் தொடங்கும். அது இரண்டு பக்கமும் மும்மூன்று வரிசை டைட்டானியம் பின் அடித்து நடுவே வெட்டும். கீழ்ப்பகுதி சுவர் தடிமன், அங்கே உயரமான பின். மேலே போகப் போக மெல்லிசு, குட்டைப் பின். பிடித்தவுடன் அடிக்காமல் பதினைந்து விநாடி அழுத்தி நிறுத்தினால் திசுவில் உள்ள நீர் வடிந்து பின் சரியாக மடங்கும். அவசரப்பட்டால் ரத்தக் கசிவு.

தவறு நேரும் இடங்கள் மூன்று. இரைப்பை வளையும் முழங்கை போன்ற இடத்தில் நெருக்கி வெட்டினால் பின்னாளில் அடைப்பு, வாந்தி. மேல்மூலையில் உணவுக்குழாயை ஒட்டி வெட்டினால் அங்கே ரத்த ஓட்டம் குறைவு, அழுத்தம் அதிகம். கசிவு பெரும்பாலும் அங்கேதான் என்பதால் ஒரு செ.மீ. விட்டு வெட்டுவார்கள். அந்தப் பயத்தில் நிறைய விட்டாலும் ஆபத்து: பசி ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேல்பை மிஞ்சி, இரண்டு வருஷத்தில் ஊதி, எடை திரும்ப ஏறும். கடைசியில் நீல மருந்தோ காற்றோ செலுத்திக் கசிவு பார்த்துவிட்டு, வெட்டிய துண்டைப் பெரிய துளைவழியே உருவி எடுப்பார்கள். எல்லாம் ஒன்று, ஒன்றரை மணி நேரம்.

அன்று சாயங்காலமே எழுந்து நடக்க வேண்டும். நடக்காத காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போவதுதான் இந்த அறுவைக்குப் பின் உயிர்போகும் முக்கியக் காரணங்களில் ஒன்று. அதற்காகவே வயிற்றில் சின்ன ஊசி போடுகிறார்கள். சிலருக்கு வீட்டிலும் சில வாரம் தொடரும், போடக் கற்றுக்கொண்டு வாருங்கள். தோள்பட்டை வலி வந்தால் உள்ளே மிஞ்சிய வாயு உதரவிதானத்தைச் சீண்டுவதால்; நடந்தால் இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

முப்பது மில்லிக் கோப்பை

வீட்டுக்கு வந்தவுடன் ஒரே வேலை தண்ணீர். கால் மணிக்கு ஒரு 30 மி.லி. கோப்பை, அதையும் இரண்டு மூன்று உறிஞ்சலாக. காலை ஆறிலிருந்து ராத்திரி பத்துவரை விடாமல் குடித்தால் 64 கோப்பை, 1,920 மி.லி. போனில் கால் மணி அலாரம் வையுங்கள். முதல் நாளில் பாதிகூடப் போகாது, பரவாயில்லை. நாலாம் நாளுக்குள் ஒன்றரை லிட்டர் தொட வேண்டும். டம்ளரை அண்ணாந்து மடக் மடக்கென்று குடிக்கும் பழக்கத்துக்கு அன்றோடு விடை. காற்றும் சேர்ந்து இறங்கி நெஞ்சை அடைக்கும். ஸ்ட்ராவும் சோடாவும் அதே காரணத்துக்காக வேண்டாம்.

முதல் இரண்டு நாள் தெளிந்தவை மட்டும்: தண்ணீர், காரமும் புளியும் குறைத்து வடிகட்டிய ரசம், எண்ணெய் எடுத்த கோழி சூப், பாதித் தண்ணீர் கலந்த இளநீர். மூன்றாம் நாளிலிருந்து இரண்டு வாரம் முடியும் வரை மோர், பாலில் கலந்த புரதப் பவுடர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர்.

நம் வீடுகளில் பெரிய தப்பு நடப்பது இங்கேதான். உடம்பு சரியில்லாதவருக்குக் கஞ்சி என்பது நம் ரத்தத்தில் ஊறியது. அரிசிக் கஞ்சி ஒரு டம்ளரில் புரதம் ஒன்றிரண்டு கிராம் தேறினால் அதிகம். கொள்ளளவு 100 மி.லி. சொச்சம் ஆகிவிட்ட இரைப்பையில் அது இடத்தை அடைத்துக்கொள்ளும், ஆனால் தையல் ஆறத் தேவையான சரக்கு கிடைக்காது. இரண்டாம் வாரம் கால் தள்ளாடி ‘ஆபரேஷன்ல பலமே போயிடுச்சு’ என்பவர்களிடம் என்ன குடித்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் கஞ்சி. மால்ட் வகைச் சத்துப் பானங்களும் அப்படித்தான், டப்பாவின் பின்னால் சர்க்கரை எத்தனை கிராம் என்று பாருங்கள்.

மூன்று, நாலாம் வாரம் மசித்தவை. அவித்த முட்டையைத் தயிரோடு மசித்து, முள் எடுத்த மீனைக் குழம்புத் தண்ணீரில் குழைத்து, பருப்பைக் கெட்டியாக, பனீரை மிருதுவாக உதிர்த்து. வேளைக்கு நாலு மேசைக்கரண்டிக்குமேல் போகாது. ஐந்து, ஆறாம் வாரம் மென்மையானவை: சாம்பாரில் ஊறிய அரை இட்லி, ஆவியில் வெந்த மீன், நன்றாக வெந்த காய். ஏழெட்டாம் வாரத்திலிருந்து வீட்டுச் சாப்பாடு, சின்னத் தட்டில், சின்னக் கரண்டியில், இருபது நிமிஷத்தில்.

தட்டில் வரிசை மாறக் கூடாது. முதலில் புரதம், பிறகு காய், இடமிருந்தால் சோறு. சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது. முடித்து அரை மணி கழித்துத்தான். இடையில் குடித்தால் சாப்பாட்டைக் கரைத்து கீழே தள்ளிவிடும், வயிறு நிறைந்த உணர்வே வராது. இல்லையென்றால் எதுக்களித்து வரும்.

சிக்கிக்கொள்ளும் சாமான்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பரோட்டாவும் பிரெட்டும் உள்ளே மாவுருண்டையாகிவிடும். குழைந்த சாதம் மெதுவானது என்று நினைக்கிறோம், ஆனால் மெல்லாமல் விழுங்கினால் ஒட்டி அடைக்கும். உதிரியான சோறு ரெண்டு வாய் மென்று தின்பது மேல். உலர்ந்த கோழி நெஞ்சுக்கறி, வாழைத்தண்டு நார், முருங்கைக்காய்ச் சக்கை, ஆரஞ்சுத் தோல்சக்கை, இவற்றைப் பல மாதம் கழித்தும் ஜாக்கிரதையாக. ஒரு வாய் அதிகமாகப் போய்விட்டதை உடம்பு முன்கூட்டியே சொல்லும்: திடீரென்று மூக்கில் நீர் வடியும், அல்லது ஒரு விக்கல், நெஞ்சுக்கூட்டின் நடுவே கல் வைத்தாற்போல் அழுத்தம். அந்த நொடியில் கை கழுவிவிட வேண்டும். அடுத்த வாய் உள்ளே போனால் நுரைநுரையாக எச்சில், பிறகு வாந்தி.

‘இன்னும் ரெண்டே வாய்தானே கண்ணு, தட்டுல மிச்சம் வைக்காதே’ என்று அம்மாவோ மாமியாரோ சொல்வது இந்த வீட்டில் இனி ஆபத்தான வாக்கியம். அறுவைக்கு முந்தின ஆலோசனைக்கு, சமைப்பவர் யாரோ அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

நாளுக்கு 60 கிராம் புரதம் குறைந்தபட்சம். இரண்டாம் மாதத்துக்குப் பிறகு ஒரு நாள் எப்படி இருக்கும்: இரண்டு முட்டை 12, பால் 200 மி.லி.யில் ஒரு ஸ்கூப் பவுடர் 26, மீன் 80 கிராம் 16, தயிர் 150 கிராம் 5, கெட்டிப் பருப்பு அரைக் கிண்ணம் 4. கூட்டினால் 63. முட்டையும் மீனும் இல்லாத சைவத் தட்டில் பனீரும் சோயாவும் வராமல் இந்தக் கணக்கு நேராவது கஷ்டம்.

மாத்திரை டப்பா

கால்சியமும் இரும்பும் ஒன்றாகப் போனால் ஒன்றை ஒன்று தடுக்கும், இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். காலை உணவுக்குப் பின் மல்டிவைட்டமினும் இரும்பும். காபி, டீ அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்கு வேண்டாம். மதியமும் ராத்திரியும் கால்சியம் சிட்ரேட், வேளைக்கு 500 மி.கி.; உணவில் வருவதையும் சேர்த்து நாளுக்கு 1,200 முதல் 1,500 வேண்டும். கடையில் ‘கால்சியம்’ என்று கேட்டால் கார்பனேட்டைத்தான் எடுத்துத் தருவார்கள். அது கரைய அமிலம் வேண்டும், உங்களுக்கு அமிலம் குறைவு. சிட்ரேட் என்று படித்து வாங்குங்கள். பி12 நாளுக்கு 350 முதல் 1,000 மைக்ரோகிராம், அல்லது மாதம் ஒரு 1,000 மைக்ரோகிராம் ஊசி. இரும்பு மாதவிடாய் இருக்கும் பெண்களுக்கு 45 முதல் 60 மி.கி. டி3 நாளுக்கு 3,000 யூனிட் கணக்கு. வாரத்துக்கு ஒரு 60,000 சாஷே என்று எழுதினால் எத்தனை வாரம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், வருஷக்கணக்கில் விழுங்கக் கூடாது. இந்த டப்பா ஆயுளுக்கும்.

வேகமாக மெலிவதால் பித்தப்பையில் கல் விழும். அதைத் தடுக்க உர்சோடையால் என்ற மாத்திரையை 300 மி.கி. காலை மாலை ஆறு மாதம் கொடுப்பார்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை எழுதிய நாள் வரை நிறுத்தாதீர்கள். வலிக்கு பாராசிட்டமால் மட்டும். மெடிக்கலில் கேட்காமலே கிடைக்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் புண் உண்டாக்கும், பைபாஸ் செய்தவர்களுக்கு முற்றிலும் கூடாது.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை முதல் வாரத்திலேயே திருத்த வேண்டியிருக்கும். சாப்பாடு குறைந்த மறுநாளே சர்க்கரை இறங்கத் தொடங்கும். நீர் பிரிக்கும் பி.பி. மாத்திரையைப் பழையபடி போட்டால் தலைசுற்றி விழுவீர்கள். வீட்டில் மீட்டரும் பி.பி. மெஷினும் வைத்து, எழுதிய தாளோடு போன் செய்யுங்கள்.

குளுக்கோஸ் ஏற்றும் முன்

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லோரும் படிக்க வேண்டும். ஐந்தாறு வாரத்தில் ஒருவருக்கு வாந்தி நிற்கவில்லை, சோர்ந்து கிடக்கிறார். நாம் என்ன செய்வோம்? தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போய் ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்’ என்போம். உடம்பில் வைட்டமின் பி1 சேமிப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். குறைவாகச் சாப்பிட்டு வாந்தியும் எடுப்பவருக்கு அது வற்றியிருக்கும். அப்போது வெறும் குளுக்கோஸை ஏற்றினால், அதை எரிக்க மிச்சமிருக்கும் பி1-ம் செலவாகி மூளை பாதிக்கும். கண் இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது, பாதம் மரத்துப்போவது எல்லாம் அதன் அடையாளம். தாமதித்தால் ஞாபகம் நிரந்தரமாகக் கெடும். பி1 ஊசி முதலில், குளுக்கோஸ் பிறகு. பக்கத்தில் பெரிய மருத்துவமனை இல்லாவிட்டால் சாதாரண உப்புநீர் பாட்டிலோடு புறப்படுங்கள்.

பர்ஸில் ஒரு அட்டை வைத்துக்கொள்ளுங்கள், மறுபக்கம் ஆங்கிலத்திலும் எழுதி: ‘ஸ்லீவ் அறுவை, இன்ன தேதி. குளுக்கோஸுக்கு முன் தயமின் (பி1) ஊசி. மூக்குக் குழாயைப் பார்க்காமல் செலுத்தக் கூடாது. டைக்ளோஃபினாக் வேண்டாம். சர்ஜன் எண்.’

அதே அட்டையின் கீழே, உடனே ஓட வேண்டிய அறிகுறிகள். ஓய்வாக இருக்கும்போதே நாடி 120-க்கு மேல் நின்றால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் கசிவாக இருக்கலாம். முதலில் ஏறுவது நாடிதான். 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், இடது தோளில் குத்தும் வலியோடு மூச்சு வாங்குவது, அரைநாளாகத் தண்ணீர்கூடத் தங்காமல் போவது, தார் போலக் கறுத்த மலம், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குவது. கசிவு நாலாம் வாரம்கூட வரும், ‘தையல் காஞ்சிடுச்சே’ என்று இருந்துவிடாதீர்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு வருஷங்கள் கழித்தும் சுருட்டிப் பிடிக்கும் வயிற்று வலி வந்தால், அது கேஸ் அல்ல, குடல் உள்ளே சிக்கியிருக்கலாம். ஓமத் தண்ணீரோடு விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

முதல் வருஷம்

மூன்றாம் வாரம் தராசு அசையாமல் நிற்கும். எல்லோருக்கும் நிற்கும், பத்து நாளில் நகரும். மூன்றாம் மாதம் சீப்பு நிறைய முடி வரும். அறுவையின் அதிர்ச்சியிலும் வேகமாக மெலிவதிலும் உதிர்வது, புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் ஒன்பதாம் மாதத்துக்குள் முளைத்துவிடும். எண்ணெய் மாற்றிப் பயனில்லை. மது சீக்கிரம் ஏறும், அதிக நேரம் நிற்கும். முன்பு குடித்த அளவைக் கணக்காக வைத்து வண்டி எடுக்காதீர்கள்.

எடை திரும்ப ஏறுவது தட்டுச் சோற்றால் அல்ல. மிக்சர், முறுக்கு, பிஸ்கட், சர்க்கரை போட்ட காபி நாலு வேளை என எளிதில் கரைந்து இறங்குபவையால். இரைப்பை எவ்வளவு சின்னதானாலும் அவை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

முதல் வருஷம் 1, 3, 6, 12-ஆம் மாதங்களில் சர்ஜனைப் பாருங்கள், பிறகு வருஷத்துக்கு ஒருமுறை. ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், கல்லீரல், மூன்று மாதச் சர்க்கரை. எடை நன்றாக இறங்குகிறது என்று போகாமல் விட்டவர்களிடம்தான் நாலு வருஷம் கழித்துக் கால் மரப்பும் எலும்புத் தேய்வும் தெரிய வருகின்றன.

கர்ப்பத்தை ஒன்று, ஒன்றரை வருஷம் தள்ளிப் போடச் சொல்வார்கள். எடை இறங்கினால் நின்ற மாதவிடாய் திரும்பும், கரு தரிப்பது எதிர்பாராமல் எளிதாகிவிடும் என்பதால் தடுப்பு முறையை அறுவைக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். பைபாஸ் என்றால் மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். கர்ப்பமானபின், தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையம் வரை கர்ப்பகாலச் சர்க்கரை பார்க்க 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பது வழக்கம். வெட்டிச் சுருக்கிய இரைப்பையில் அது ஒரே பாய்ச்சலில் குடலில் விழுந்து வியர்வை, படபடப்பு, மயக்கம் கொண்டுவரலாம், அளவும் தப்பாகக் காட்டலாம். டம்ளரைக் கையில் வாங்கும் முன்பே நர்ஸிடம் அட்டையைக் காட்டுங்கள். அதற்குப் பதில் 24 முதல் 28 வாரத்துக்குள் ஒரு வாரம் வீட்டு மீட்டரில் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்னும் பார்த்து எழுதிக் கொடுத்தால் போதும்.